வீட்டுக்கு வண்ணம் பூசும் கூலி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டுக்கு உள்பக்கம் முழுவதும் வண்ணம் பூச மூன்று பெயிண்டர்களை அழைத்து விலை கேட்டோம். மூவரும் அதே சுவர்களைத்தான் பார்த்தார்கள். ஆனால் மூன்றாமவர் சொன்ன தொகை முதலாமவர் சொன்னதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதில் யார் நியாயமாகச் சொல்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று தொகைகள் இருக்கின்றன, ஆனால் எந்தத் தொகைக்கு என்னென்ன வேலை என்பது ஒன்றுக்குக்கூடக் குறிப்பிடப்படவில்லை. குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. மூவரும் ஒரே வீட்டைப் பார்த்திருக்கலாம், ஆனால் ஒரே வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

வண்ணம் பூசுவது என்றதும் ரோலரை நனைத்துச் சுவரில் உருட்டுவதுதான் நம் கண்முன் வருகிறது. உண்மையில் அது வேலையின் கடைசிப் பகுதி மட்டுமே. நடுத்தர அளவுள்ள ஓர் அறைக்கு ஒரு கோட்டிங் அடிக்க, பழகிய கைக்கு அரை நாள் போதும். அதற்கு முன்னால் சாமான்களை நகர்த்தி மூட வேண்டும், உரியும் பழைய வண்ணத்தைத் தகடு கொண்டு சுரண்ட வேண்டும், விரிசலைச் சற்றே அகலப்படுத்தி அடைக்க வேண்டும், சுவரைச் சமப்படுத்தும் மாவான பட்டி பூசி அது உலரக் காத்திருக்க வேண்டும், உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, வண்ணத்துக்கு அடிப்பூச்சான பிரைமர் அடிக்க வேண்டும். இந்த ஆயத்த வேலை சுவரின் நிலையைப் பொறுத்து இரண்டு நாளோ அதற்கு மேலோ எடுக்கும். நீங்கள் கொடுக்கும் கூலியில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது. தொகையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பதும் இதில்தான், ஏனென்றால் வேலை முடிந்த அன்று இதைச் செய்தார்களா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஓராண்டு கழித்து வண்ணம் செதில் செதிலாக உரியும்போதுதான் தெரியும்.

எனவே மூவரையும் மீண்டும் அழைத்து, தொகையைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றிக் கேளுங்கள். பழைய வண்ணத்தைச் சுரண்டுவது சேர்த்தியா? பட்டி சுவர் முழுவதற்குமா, பள்ளமும் விரிசலும் உள்ள இடங்களுக்கு மட்டுமா? எத்தனை கை பட்டி? பட்டிக்கு மேல் பிரைமர் உண்டா? வண்ணம் எத்தனை கோட்டிங்? மேற்கூரையின் அடிப்பக்கம், கதவு, ஜன்னல், கம்பிகள் கணக்கில் வருகின்றனவா? பொருள் யாருடையது, எந்த வகை? தரையை மூடுவதும் கடைசியில் துடைத்துச் சுத்தம் செய்வதும் யார் பொறுப்பு? இந்தப் பதில்களை மூவருக்கும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொண்டால், இரண்டு மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று நீங்களே கண்டுகொள்வீர்கள். பிரைமரைப் பற்றி மழுப்புகிறவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள். பட்டி நீரை உறிஞ்சும் தன்மை கொண்டது. பிரைமர் இல்லாமல் அதன்மேல் நேரடியாக வண்ணம் அடித்தால் ஓரிடத்தில் பளபளப்பாகவும் இன்னோரிடத்தில் மங்கலாகவும் திட்டுத்திட்டாகத் தெரியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் நான் நியாயம் செய்தவனாக மாட்டேன். அதிகத் தொகை சொல்பவரே நல்ல வேலைக்காரர் என்று பொருளில்லை. உங்கள் சுவர் நன்றாக இருக்கும்போது முழுச் சுவருக்கும் புதிதாகப் பட்டி பூசச் சொல்வது வீண்செலவு. அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உலர்ந்த உள்ளங்கையால் சுவரை அழுத்தி ஒரு முழ நீளத்துக்குத் தேயுங்கள். கையில் மாவு போல வெள்ளை ஒட்டினால் பழைய பூச்சு பொடிந்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தேய்த்து அகற்றியே ஆக வேண்டும். பிறகு நன்றாக ஒட்டக்கூடிய டேப் ஒன்றைச் சுவரில் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு வண்ணமும் பெயர்ந்து வந்தால், அதன்மேல் எவ்வளவு உயர்ந்த பெயிண்டை அடித்தாலும் அடியில் இருக்கும் பலவீனமான பூச்சோடு சேர்ந்து அதுவும் உதிரும். கையில் மாவும் ஒட்டவில்லை, டேப்பிலும் எதுவும் வரவில்லை என்றால், தேவையான இடத்தில் மட்டும் பட்டி பார்த்து, இலேசாகத் தேய்த்து, பட்டி பூசிய இடத்தில் பிரைமர் வைத்து, இரண்டு கோட்டிங் அடித்தால் போதுமானது. அப்படிப்பட்ட சுவருக்குக் குறைந்த தொகை சொன்னவரே சரியாகச் சொன்னவராக இருக்கக்கூடும்.

கேள்வி: எங்கள் வீட்டின் தரைப் பரப்பு 1,000 சதுர அடி. வந்து அளந்த பெயிண்டர் 3,400 சதுர அடி என்று கணக்குக் காட்டுகிறார். இல்லாத பரப்புக்கு நாங்கள் பணம் கொடுக்கிறோமா?

பதில்: எண்ணைக் கண்டு திகைக்க வேண்டாம், அந்தக் கணக்கு சரியாகவே இருக்கலாம். தரை ஒன்றுதான், ஆனால் ஒவ்வோர் அறைக்கும் நான்கு சுவர்களும் ஒரு மேற்கூரையும் இருக்கின்றன.

12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நான்கு பக்கச் சுற்றளவு 44 அடி. அதை உயரத்தால் பெருக்கினால் சுவர்ப் பரப்பு 440 சதுர அடி. மேற்கூரை 120 சதுர அடி. ஆக மொத்தம் 560. இதில் 7 அடிக்கு 3 அடி உள்ள ஒரு கதவையும், 4 அடிக்கு 4 அடி உள்ள இரண்டு ஜன்னல்களையும் கழித்தால் 53 சதுர அடி போக 507 மிஞ்சுகிறது. தரை 120 சதுர அடி மட்டுமே உள்ள அறையில் பூச வேண்டிய பரப்பு நான்கு மடங்குக்கும் சற்று மேல். அதே உயரமுள்ள 20 அடிக்கு 20 அடிக் கூடத்தைக் கணக்கிட்டால் சுவர் 800, மேற்கூரை 400, மொத்தம் 1,200. கதவு ஜன்னலைக் கழிப்பதற்கு முன்பே தரையைப் போல மூன்று மடங்குதான். சிறு அறைகள் மிகுந்த வீட்டுக்குச் செலவு கூடுவதும், திறந்த கூடங்கள் உள்ள வீட்டுக்குக் குறைவதும் இதனால்தான். தரைப் பரப்பை மட்டும் தொலைபேசியில் கேட்டுவிட்டு விலை சொல்பவர் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு ஓர் இடம். கதவு ஜன்னல்களின் பரப்பைக் கழிப்பதா வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு வழக்கம் உண்டு. ஓரங்களில் கோடு பிசகாமல் பிரஷ் பிடிக்க அதிக நேரம் ஆகிறது, அதனால் சிறிய திறப்புகளைக் கழிப்பதில்லை என்று சிலர் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரிய ஜன்னலைச் சுவராக ஒரு முறையும், ஜன்னலாக இன்னொரு முறையும் எண்ணியிருந்தால் அதை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். கதவுக்கு இரண்டு பக்கமும் உண்டு என்பதையும், பலகைக்குள் பலகை வைத்த வேலைப்பாடுள்ள கதவு தட்டையான கதவைவிட அதிகப் பரப்பாகக் கணக்கிடப்படும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அளக்கும்போது நாடாவின் மறுமுனையை நீங்கள் பிடியுங்கள். அறைவாரியாக ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுவிட்டால், கடைசி நாளில் அளவைப் பற்றிய சச்சரவு எழாது.

கேள்வி: பெயிண்டை நாமே வாங்கிக் கொடுப்பது நல்லதா, பொருளோடு சேர்த்து அவரிடமே விட்டுவிடுவது நல்லதா?

பதில்: இரண்டு வழியிலும் நல்ல வேலை நடப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்த வழியானாலும் எவ்வளவு பெயிண்ட் தேவைப்படும் என்ற கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

சமமான, பிரைமர் அடித்த சுவரில் தண்ணீரில் கரையும் சுவர்ப் பெயிண்டான எமல்ஷன் 1 லிட்டர், ஒரு கோட்டிங்குக்கு ஏறத்தாழ 10 முதல் 12 சதுர மீட்டர் வரை, அதாவது 110 முதல் 130 சதுர அடி வரை வரும். டப்பாவின் மேல் அந்தந்தப் பெயிண்டுக்கு உரிய அளவு அச்சிடப்பட்டிருக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 507 சதுர அடி அறைக்கு இரண்டு கோட்டிங் என்றால் 1,014 சதுர அடி. லிட்டருக்கு 120 என்று வைத்தால் எட்டரை லிட்டர் ஆகிறது. சுவர் சொரசொரப்பாக இருந்தால் இன்னும் கூடும். இந்த அறையை யாராவது நான்கு லிட்டரில் இரண்டு கோட்டிங் முடித்துவிட்டேன் என்றால், ஒன்று, ஒரே கோட்டிங் அடித்திருக்கிறார். அல்லது டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் கலந்திருக்கிறார். தண்ணீர் கூடினால் பூச்சின் கனம் குறைந்து, அடியில் உள்ள பழைய நிறம் எட்டிப் பார்க்கும். துடைத்தால் தாங்கவும் தாங்காது.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் செலவை நினைவில் வையுங்கள். வெள்ளையிலும் வெளிர் நிறங்களிலும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி மிகுதியாக இருப்பதால் அவை அடியை நன்றாக மறைக்கும். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் அப்படி மறைப்பதில்லை. மூன்றாவது, சில வேளைகளில் நான்காவது கோட்டிங்கும் கேட்கும். அதற்கான கூலியையும் பொருளையும் முதலிலேயே பேசிவிடுங்கள். அடியில் அதே சாயலில் நிறம் கலந்த பிரைமர் அடித்தால் ஒரு கோட்டிங் மிச்சமாகலாம். பளபளப்பான பெயிண்ட் துடைக்க வசதியாக இருக்கும், ஆனால் சுவரின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். அந்தப் பளபளப்பை விரும்புகிறவர் பட்டி வேலைக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

பொருளோடு சேர்த்து ஒப்படைத்தால், பெயிண்டின் பெயரையும் வகையையும் தாளில் எழுதுங்கள். டப்பாக்களை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். காலி டப்பாக்களை வேலை முடியும்வரை எறிய விடாதீர்கள். நீங்களே வாங்கிக் கொடுத்தால் பொருளுக்கு நீங்கள் பொறுப்பு, வேலைக்கு அவர் பொறுப்பு. பின்னால் குறை வரும்போது பெயிண்ட்தான் சரியில்லை என்று அவர் சொல்ல இடம் உண்டாகும் என்பது மட்டும் இதில் உள்ள சங்கடம்.

கேள்வி: நாள் கூலி, சதுர அடிக் கணக்கு, மொத்த கான்ட்ராக்ட் ஆகியவற்றில் எது நமக்குச் சாதகம்?

பதில்: எவ்வளவு வேலை இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத இடத்தில் நாள் கூலி பொருந்தும்: பழைய வீட்டில் பல அடுக்குப் பூச்சைச் சுரண்டுவது, நாலைந்து இடங்களில் சிறு பழுது பார்ப்பது போன்றவை. ஆனால் நீங்கள் வீட்டில் இருந்து கவனிக்க முடிய வேண்டும். அளந்து சொல்லக்கூடிய, தெளிவான வேலைக்குச் சதுர அடிக் கணக்கு நல்லது; தொகை எப்படி வந்தது என்பது இருவருக்கும் தெரியும். மொத்த கான்ட்ராக்டில் செலவு முன்பே தெரிந்துவிடும் என்ற நிம்மதி உண்டு, ஆனால் வேலையை வேகமாக முடிக்கும் ஆசையும் அதில்தான் அதிகம். ஒரு கோட்டிங் உலர்வதற்குள் அடுத்ததை அடிப்பது அந்த வேகத்தின் விளைவு. தண்ணீரில் கரையும் பெயிண்ட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு அரை மணியில் வந்துவிடும் என்றாலும், அடுத்த கோட்டிங்குக்கு டப்பாவில் சொன்ன நேரம், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மணி வரை, விட்டே ஆக வேண்டும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் உள்ள நாட்களில் வேலையை நிறுத்தி வைப்பதே நல்லது. அப்படி நின்ற நாட்களுக்கு யார் பொறுப்பு என்பதை மொத்த கான்ட்ராக்டில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வெளிச்சுவர் வேலை என்றால் சாரம் கட்டும் செலவு தொகையில் அடங்குமா என்று கேளுங்கள். ஏணியை வைத்தே சமாளித்துவிடுகிறேன் என்று சொல்லிக் குறைத்துக் கேட்பவருக்கு, சுவர் உயரமானதாக இருந்தால், தயவுசெய்து வேலையைக் கொடுக்காதீர்கள். நாம் மிச்சப்படுத்தும் அந்தத் தொகைக்கு ஈடாக ஒரு மனிதனின் முதுகெலும்பு பணயம் வைக்கப்படுகிறது.

கேள்வி: குளியலறையை ஒட்டிய சுவரில் அடிப்பகுதி முழுவதும் உப்புப் பூத்து, வண்ணம் கொப்புளித்திருக்கிறது. ஈரம் தாங்கும் பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும், சற்றுக் கூடுதல் செலவாகும் என்கிறார் பெயிண்டர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே தவற்றை என் சொந்த வீட்டில் நான் செய்திருக்கிறேன். படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. வந்தவர் விலை கூடிய பெயிண்டைச் சொன்னார், நானும் சம்மதித்தேன். முடித்த அன்று சுவர் கண்ணாடி போல இருந்தது. நான்கு மாதத்தில் அதே இடத்தில் சிறு உப்பல் ஒன்று தோன்றியது. விரலால் அழுத்தினேன், தோல் கிழிந்தது போல வண்ணம் திறந்துகொண்டு, உள்ளிருந்து ஈர மணலும் வெள்ளை உப்பும் தரையில் கொட்டின. சுவருக்குப் பின்னால் இருந்த குழாய் இணைப்பில் சொட்டுச் சொட்டாகக் கசிவு இருந்தது. பிளம்பர் அதைச் சரிசெய்ய எடுத்துக்கொண்டது ஒரு காலைப்பொழுதுதான். நானோ அந்தச் சுவருக்கு இரண்டு முறை கூலி கொடுத்திருந்தேன்.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வரும்போது, வெளியே ஒட்டிய படலத்தை அது தள்ளிக்கொண்டுதான் வெளியேறும்; படலம் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பெரிய கொப்புளம். முதலில் கசிவை அடைத்து, பிறகு சுவரை உலர விடுங்கள். உலர்ந்துவிட்டதா என்று அறிய, ஒரு முழச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் துளிகள் கோத்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். புதிதாகச் சிமெண்ட் பூசிய சுவரானாலும் பொறுமை வேண்டும். 28 நாட்களாவது ஆறவிட்டு, பிறகு பிரைமர் அடிப்பது முறை.

கேள்வி: தாத்தா காலத்து வீட்டின் கதவுகளில் பல அடுக்கு எனாமல் இருக்கிறது. அதைத் தேய்த்து எடுக்கத் தனிக் கூலி கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: கொடுங்கள், கூடவே எப்படித் தேய்க்கப்போகிறார் என்றும் கேளுங்கள். பழைய எனாமலில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளை ஈயத்தால் பெயிண்டர்களுக்கு நேரும் கேட்டைக் கருதி, அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 1921-இலேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. ஆனாலும் வீட்டுப் பெயிண்டில் ஈயம் நெடுங்காலம் நீடித்தது. அமெரிக்காவில் அது தடைசெய்யப்பட்டதே 1978-இல்தான். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கும்போது பறக்கும் தூசி மூச்சிலும், தரையில் தவழும் குழந்தையின் கையிலும் சேரும். வளரும் மூளைக்கு ஈயம் தீங்கு செய்யும். எனவே நனைத்துத் தேய்க்க வேண்டும், வேலை செய்பவர் தகுந்த முகக்கவசம் அணிய வேண்டும், அந்த அறைக்குள் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் போகக்கூடாது, தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நெருப்பு ஊதியால் எரித்து எடுக்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஈயம் புகையாகக் கிளம்பும். இத்தனை கவனத்துக்கும் நேரம் ஆகும். அந்த நேரத்துக்குத்தான் அவர் தனிக் கூலி கேட்கிறார். அடியில் உள்ள பூச்சு உரியாமல் உறுதியாக இருந்தால், அதைப் பெயர்க்காமல் மேலே பூசி மூடிவிடுவதும் ஒரு வழிதான்.

கேள்வி: எவ்வளவு அட்வான்ஸ் கொடுக்கலாம்? கடைசித் தொகையை எப்போது கொடுப்பது?

பதில்: பொருள் வாங்கவும் வேலையைத் தொடங்கவும் வேண்டிய அளவு முன்பணம் கொடுப்பது நியாயம். பாதிக்கு மேல் முதலிலேயே கேட்டால் காரணம் கேளுங்கள். நாள் கணக்கைவிடக் கட்டக் கணக்கு நல்லது: பட்டியும் பிரைமரும் முடிந்ததும் ஒரு பங்கு, முதல் கோட்டிங் முடிந்ததும் ஒரு பங்கு, எல்லாவற்றையும் பார்த்தபின் மீதி. பட்டி முடிந்த கட்டத்தில் நீங்கள் சுவரைப் பார்ப்பது மிக முக்கியம், ஏனென்றால் அதற்குப் பிறகு அது மறைந்துவிடும். அன்று மாலை அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கைவிளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போலப் பிடித்து ஒளியைப் பக்கவாட்டில் ஓடவிடுங்கள். பகலில் தெரியாத கரண்டித் தடங்களும் பள்ளங்களும் நிழலோடு எழுந்து நிற்கும். குறையுள்ள இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அந்த நிலையில் அதைச் சரிசெய்வது அவருக்கும் சிரமமில்லை.

சரியாக முடித்தவருக்கு மீதியைத் தள்ளிப்போடாமல் அன்றே கொடுத்துவிடுங்கள். அவருடன் வந்த ஆட்கள் அந்தப் பணத்தைத்தான் எதிர்பார்த்து நிற்கிறார்கள். மிஞ்சிய பெயிண்டில் அரை லிட்டரையாவது காற்றுப் புகாத டப்பாவில் வாங்கி வைத்து, எந்த அறை, எந்த நிற எண், எந்தத் தேதி என்று மூடியில் எழுதுங்கள். அதே நிற எண்ணைச் சொல்லிப் பின்னால் வாங்கினாலும் சாயல் சற்று மாறக்கூடும்; மேசை உரசிய ஒரு கீறலுக்காக முழுச் சுவரையும் மீண்டும் பூச வேண்டி வராமல் அந்த அரை லிட்டர் காப்பாற்றும்.